கப்புச்சின், பிரான்சிஸ்கன் சபைகளுக்குப் போக விரும்புற பொடியங்களுக்கு ஒரு பக்கக் கையேடு: பிழை இருந்தாத் திருத்துங்கோ

பாலையூற்றான்
இறையழைத்தல் ஞாயிறுக்கு (பாஸ்கா 4ம் ஞாயிறு) பங்கில ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கிறம். மறைமாவட்டக் குருமடம் பற்றின பகுதி முடிஞ்சுது. இரந்துண்ணும் சபைகள் (சொத்துச் சேர்க்காமல் தர்மத்தில வாழத் தொடங்கின சபைகள்) பகுதிதான் இழுபடுது. இப்போதைக்கு எழுதி வச்சிருக்கிறது இது:

"பிரான்சிஸ்கன், கப்புச்சின், சாமிநாதர், கார்மேல், அகுஸ்தீனார், இயேசு சபை, அமலமரித் தியாகிகள் ஆகிய சபைகளில் உயர்தரம் முடித்தவர்கள் சேரலாம். சுமார் 10 ஆண்டுப் பயிற்சிக்குப் பின் குருவாகலாம். குருவாக முடியாதவர்கள் சகோதரராக இருக்கலாம்."

விசயம் தெரிஞ்ச ஆக்கள் பாத்துச் சொல்லுங்கோ.

கொட்டியாரம்
மூண்டு வசனம், மூண்டு பிழை. கோவியாதேங்கோ.

இயேசு சபையும் அமலமரித் தியாகிகளும் இந்தப் பட்டியல்ல வராது. திருமலையில இது லேசா வாற குழப்பம்தான். 1893இல யாழ்ப்பாணத்தில இருந்து பிரிச்ச எங்கட மறைமாவட்டத்தை இயேசு சபையாரிடம் ஒப்படைச்சது, சென் ஜோசப் கல்லூரியும் அவையின்ர கையில இருந்தது, அதால "சபைச் சாமி" எண்டாலே எங்களுக்கு அவைதான். ஆனா இயேசு சபைக்கு அங்கீகாரம் 1540இல, அமலமரித் தியாகிகள் தொடங்கினது 1816இல. இரந்துண்ணும் சபைகள் 13ம் நூற்றாண்டு. அசிசி பிரான்சிஸின்ர ஒழுங்குக்கு (சபை வாழ்க்கை விதிக்கு) 1209இல வாய்மொழியா அனுமதி கிடைச்சுது, 1223 நவம்பர் 29இல எழுத்தில. சாமிநாதர் சபைக்கு 1216. சிதறிக் கிடந்த அகுஸ்தீனார் குழுக்களை ஒண்டாக்கினது 1256. கப்புச்சின் மட்டும் 1528. பிரான்சிஸ்கன் மரத்தில பிறகு விட்ட கிளை அது.

மடத்துத் துறவியரோடயும் குழப்பக் கூடாது. கண்டிப் பக்கத்துச் சில்வெஸ்திரின் சபை, தோலகட்டிச் செபமாலைத் தாசர் எல்லாம் ஒரு இடத்தில ஊண்டி இருந்து செபிக்கிற வழி. தோலகட்டி நெல்லிரசம் குடிச்ச எவருக்கும் அந்த வளவு தெரியும். ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) வழியில போறவர் அந்த மடத்துக்கெண்டே வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) குடுக்கிறார், சாகுமட்டும் அதுதான் வீடு. கப்புச்சின்காரருக்கு அப்பிடி ஒரு வீடு இல்லை. அவர் சேருறது மாகாணத்துக்கு, அதாவது சபையின்ர பல இல்லங்கள் சேர்ந்த ஒரு பிரிவுக்கு. இண்டைக்கு ஒரு இல்லம், மூண்டு வருசத்தால பெட்டியைக் கட்டு எண்டு கடிதம் வரும்.

கடைசி வசனம்தான் பெரிய பிழை. "குருவாக முடியாதவர்கள் சகோதரராக" எண்டதை அடிச்சு விடுங்கோ. பிரான்சிஸே குருவாகேல்லை, திருத்தொண்டராகவே (குருவுக்கு முந்தின படி) இறந்தவர். அவர் தொடங்கினது சகோதரர் கூட்டம். அதில சிலர் குருக்களா இருந்தவை, அவ்வளவுதான்.

சட்டப்புத்தகம்
"உயர்தரம் முடித்தவர்" என்பது ஒவ்வொரு சபையும் தனக்கு வைத்துக்கொண்ட நிபந்தனை. திருச்சபைச் சட்டம் கேட்பது வேறு. நவசந்நியாசத்தில் (முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக் காலம்) சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும் (சட்ட இலக்கம் 643). திருமண பந்தத்தில் இருப்பவர், வேறு சபையில் வார்த்தைப்பாடு கொடுத்திருந்து அதை மறைத்தவர், இவர்களைச் சேர்த்தாலும் அது செல்லாது. மனைவியை இழந்தவர் சேரலாம்.

கால அளவுகளைச் சரியாகப் போடுங்கள். "10 ஆண்டு" என்றால் பொடியன் நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டு காத்திருப்பான்.

"வந்து பாருங்கள்" முகாமும் போஸ்டுலன்சி எனப்படும் முன்நிலைப் பயிற்சியும் எவ்வளவு காலம் என்பது சபைக்குச் சபை மாறும். அடுத்தது நவசந்நியாசம்: முழுதாக 12 மாதம், பொதுவாக 2 ஆண்டைத் தாண்டக் கூடாது. பிறகு முதல் வார்த்தைப்பாடு, அதற்கு வயது 18. இந்தத் தற்காலிக நிலை 3 ஆண்டுக்குக் குறையக் கூடாது, 6க்கு மேல் போகக் கூடாது. தேவைப்பட்டால் நீட்டலாம், மொத்தம் 9 ஆண்டு எல்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது. குருத்துவம் என்பது இதற்குப் பக்கத்தில் ஓடும் தனிப் பாதை: மெய்யியல், இறையியல் இரண்டும் சேர்த்து 6 ஆண்டு, திருத்தொண்டருக்கு 23 வயது, குருவுக்கு 25, இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மாதம். சகோதரராக வாழப்போகிறவருக்கு இந்தப் பாதை கிடையாது. ஆனால் நித்திய வார்த்தைப்பாட்டில் இருவரும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

நிலாவெளிப்பொடியன்
சட்டம் எல்லாம் சரி அண்ணை. ஆனா எங்கட சனம் பிள்ளையைக் குடுக்கிறதே "சாமியாராப் பூசை வைப்பான்" எண்டுதான். முதற்பூசைக்குப் பந்தல் போடுற கனவு தாய்க்கு. "உங்கட மகன் சமையலறை பாப்பான், கதவு திறப்பான்" எண்டு துண்டுப்பிரசுரத்தில போட்டா ஒருத்தரும் வரமாட்டினம்.

கொட்டியாரம்
கதவு திறந்தவர்தான் பார்சாம் கொன்ராட். ஆல்ட்டோட்டிங் கப்புச்சின் மடத்தில 41 வருசம் வாயில் காவல். 1934இல புனிதர் பட்டம். லீமாவில நோயாளர் அறையைப் பாத்தவர் சாமிநாதர் சபைச் சகோதரர் மார்ட்டின் டி போரஸ், 1962இல. அந்த மடங்களில அவையோட இருந்த பாதர்மாரின்ர பேர் எத்தினை பேருக்குத் தெரியும்?

அதை விடுவம். நடைமுறையில சகோதரருக்கு ஒரு தொழில் வேணும். இங்கதான் பல இல்லங்கள் பிழை விடுது. குருவாகப் போறவருக்கு 6 வருசப் படிப்பு வரிசையா இருக்கு. சகோதரருக்கு நவசந்நியாசம் முடிஞ்ச கையோட சந்தைப் பையும் மோட்டச்சைக்கிளும் குடுத்து விட்டா, ஐஞ்சு வருசத்தால அவர் தன்னை வேலைக்காரன் எண்டு நினைப்பார், மற்றவையும் அப்பிடித்தான் நடத்துவினம். தாதியர் பயிற்சி, கணக்கியல், மின்னிணைப்பு, தச்சு, விவசாயம், ஏதாவது ஒண்டில சான்றிதழோட பயிற்சி. தேசிய தொழிற்தகைமை 4ம் மட்டமாவது எடுக்க விடவேணும். அதோட இறையியல் அடிப்படைப் பாடமும். சேர முன்னம் பொடியன் இதைக் கேக்கலாம்: "சகோதரர்மாருக்கு என்ன படிப்பு வச்சிருக்கிறியள்?" பதில் மழுப்பலா வந்தா அந்த இல்லத்தைப் பற்றி யோசிக்க வேணும்.

சட்டப்புத்தகம்
ஒரு சேர்க்கை. சபை சட்டப்படி குருக்கள் சபை என்று வகைப்படுத்தப்பட்டிருந்ததால், சகோதரர் ஒருவர் இல்லத் தலைவராக வருவது நீண்ட காலம் கடினமாக இருந்தது. 2022 மே 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொடுத்த ஆணையால் அது இளகியது. சபையின் உயர் தலைவர் தன் ஆலோசனைக் குழுவின் சம்மதத்துடன் சகோதரரை இல்லத் தலைவராக நியமிக்கலாம். மாகாணத் தலைவர் போன்ற பெரிய பொறுப்பென்றால் உரோமையின் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

உவர்மலைக்காரி
காசு விசயம் ஒருத்தரும் தொடேல்லை. மூத்த பொடியன், தங்கச்சிக்குக் கலியாணம் பேசுது, வீட்டில நகை அடைவில, அவன்ர பேரில ஆட்டோ லீசிங். இப்பிடி ஒரு பொடியனை எடுப்பினமா?

சட்டப்புத்தகம்
தீர்க்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்க வேண்டாம் என்று 644 சொல்கிறது. லீசிங் அவர் பெயரில் இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும், அல்லது நிறுவனத்தின் சம்மதத்துடன் வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பிணை நிற்பதும் கடன்தான். நண்பனின் வெளிநாட்டுப் பயணக் கடனுக்குக் கையெழுத்து வைத்ததைப் பலர் கடன் என்றே எண்ணுவதில்லை. நேர்முகத்தில் சொல்லவும் மாட்டார்கள். பிறகு வங்கிக் கடிதம் நவசந்நியாச இல்லத்துக்கு வந்து சேரும்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். உரிமை அவரிடமே இருக்கும், கையாள்வது மட்டும் மற்றவர். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னராவது மரண சாசனம் எழுதியிருக்க வேண்டும், அது நாட்டுச் சட்டத்திலும் செல்ல வேண்டும் (668). இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு ஒருவரும் 2 சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகள். இல்லத்தில் இரண்டு சகோதரர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டு நொத்தாரிசை மறந்தால் அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்காது.

பிரான்சிஸ்கன் வழியில் இன்னும் ஒரு படி இருக்கிறது. நித்திய வார்த்தைப்பாட்டோடு சொத்தை முழுதாகத் துறந்தவர், அதன் பிறகு சொத்துச் சேர்க்கும் தகுதியையே திருச்சபைச் சட்டத்தில் இழக்கிறார். தாய் இறந்து பங்கு வந்தாலும் அது அவருக்கு வராது. வீட்டார் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. காணி பிரிக்கும்போது வரும் சண்டை பாதி குறையும்.

உவர்மலைக்காரி
அப்ப தங்கச்சிக்கு மாசம் ஏதும் அனுப்பேலாதா?

கொட்டியாரம்
அவரா அனுப்பேலாது. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு எடுக்கிற சம்பளம், பூசைக் காணிக்கை, ஓய்வூதியம், ஆர் குடுத்த அன்பளிப்பு எண்டாலும் பொதுப் பணத்தில விழும். கைச்செலவுக்குக் கணக்கு எழுதி எடுக்கிறது. வீட்டில உண்மையான நெருக்கடி எண்டா இல்லத் தலைவரிட்டச் சொல்லலாம், சபை பாத்து ஏதும் செய்யலாம், ஆனா அது உரிமை இல்லை. தங்கச்சியின்ர சீதனம் இவனை நம்பித்தான் இருக்கெண்டா, முதல்ல அந்தப் பொறுப்பை முடிக்கட்டும். 28 வயதில போனாலும் பிந்தேல்லை.

வாடைக்காற்று
செபத்தைப் பற்றியும் நாலு வரி போடுங்கோ. பங்கில வளர்ந்த பொடியன் செபமாலையும் பூசையும் தெரிஞ்சவன். அங்க போய்த் திணறுறது திருப்புகழ்மாலையில (நாளின் வேளைகளுக்கெண்டு உள்ள பொதுச் செபம்). 4 வாரத்தில சுத்தி வாற சங்கீத வட்டம். காலைப் புகழில ஒரு சங்கீதம், பழைய ஏற்பாட்டுப் பாடல் ஒண்டு, இன்னொரு சங்கீதம், பிறகு சக்கரியாவின்ர பாடல். மாலையில இரண்டு சங்கீதம், புதிய ஏற்பாட்டுப் பாடல், மரியாவின்ர பாடல்.

இரண்டு பக்கமாப் பிரிஞ்சு, பக்கத்துக்கொரு சரணமா மாறி மாறிச் சொல்லுறது. பிழைக்கிற இடம் நட்சத்திரக் குறி. வரி நடுவில அந்தக் குறி வந்தா ஒரு மூச்சு நிறுத்த வேணும். புதுசா வந்தவன் அதை விழுங்கிட்டு ஓடுவான். பிறகு, அந்தப் பக்கத்தின்ர கடைசி அசை முடிய முன்னம் இந்தப் பக்கம் தொடங்கிவிடும். ஒரு கிழமை இப்பிடி ஓடினா முழு இல்லமுமே அவசரத்தில செபிக்கப் பழகிப் போகும், பிறகு பழைய வேகத்துக்குக் கொண்டுவாறது பெரும்பாடு. மூச்சை எண்ணாமல் பக்கத்தில நிக்கிறவரின்ர குரலுக்குள்ள தன்ர குரலை வைக்கப் பழகிறதுதான் வழி. உரத்துப் பாடத் தெரிஞ்ச கொயர் பொடியங்களுக்கு இது கஷ்டம்.

வாசிக்கத் தெரியாத சகோதரருக்கு 1223 ஒழுங்கு பரலோக மந்திரக் கணக்குக் குடுத்திருக்கு: இரவுக்கு 24, விடியலுக்கு 5, பகலில நாலு வேளைக்கு ஏழேழு, மாலைக்கு 12, படுக்க முன்னம் 7. கூட்டினா ஒரு நாளைக்கு 76. முடிச்சுக் கயித்தில எண்ணிக் கொண்டு தோட்டத்திலயும் சொல்லலாம்.

நிலாவெளிப்பொடியன்
சாப்பாடு? நோன்பு கடுமையோ?

வாடைக்காற்று
அதே ஒழுங்கு சகல புனிதர் திருநாளில இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் ஒரு நோன்பு, தபசு காலம், வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுது. நவம்பர், டிசம்பர் எங்கட வாடைக் காலம். கடல் கொதிக்கும், வள்ளம் இறங்காது, மீன் விலை ஏறும். திருமலையான் எப்பிடியும் அந்த நோன்பைப் பிடிச்சுப் பழகினவன்தான். அதே ஒழுங்கு வழிப்பயணத்தில முன்னுக்கு வைக்கிற எதையும் சாப்பிடலாம் எண்டும் சொல்லுது. இண்டைக்கு இல்லத்துக்கு இல்லம் அளவு மாறும். பிரச்சினை அளவில இல்லை, தெரிவு இல்லாததிலதான். பருப்பும் கீரையும் எண்டா எல்லாருக்கும் அதுதான். அறையில ஒளிச்சு பிஸ்கட் வைக்கிறவனை எறும்பே காட்டிக் குடுக்கும்.

முடிச்சுமூன்று
உடுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. பொடியங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கப்புச்சின் அங்கி மண்ணிறம், தொப்பி (அங்கியின் தலைமூடி) நீளம். மற்ற பிரான்சிஸ்கன் அங்கியும் மண்ணிறம், தொப்பி குட்டை. கொன்வெஞ்சுவல் கிளையினருக்கு சாம்பல் அல்லது கறுப்பு. சாமிநாதர் வெள்ளை, மேலே கறுப்புப் போர்வை. கார்மேல் மண்ணிறம்தான், ஆனால் இடையில் தோல் வார், கயிறு இல்லை. கயிறும் 3 முடிச்சும் பிரான்சிஸ்கன் அடையாளம்: கீழ்ப்படிதல், ஏழ்மை, கற்பு.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தடித்த துணி அங்கி உடம்பில் ஒட்டும். பொலியெஸ்டர் அதிகம் கலந்த துணி கழுத்தில் வேர்க்குரு போடும். தொப்பியின் பாரம் பின்னுக்கு இழுப்பதால் முன் கழுத்து விளிம்பு தொண்டையை அறுக்கும். பருத்தி கூடின துணி எடுத்து, தைக்க முன் ஒரு இரவு ஊறவைத்துக் காயவிட வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் சலவையில் அங்கி கணுக்காலுக்கு மேலே ஏறும். கயிற்றுக்கும் அதே விதி. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், ஆகவே நனைத்து இழுத்த பிறகே நீளம் பார்த்து வெட்டுங்கள். முடிச்சைச் சுற்றிப் போடும்போது கயிறு ஈரமாக இருந்தால் இறுக்கம் நிற்கும். நுனியை நூலால் வரிந்து கட்டாவிட்டால் ஒரு மாதத்தில் துடைப்பம். வலை பின்னத் தெரிந்த ஊர்ப் பொடியங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலையூற்றான்
நல்லாப் போகுது. நவசந்நியாச வருசத்தில என்ன பிழைக்கும்? வீட்டில செத்தவீடு எண்டா விடுவினமா?

சட்டப்புத்தகம்
விடுவார்கள், ஆனால் நாள் கணக்கு இருக்கிறது. நவசந்நியாச இல்லத்துக்கு வெளியே மொத்தம் 3 மாதத்துக்கு மேல் கழிந்தால், தொடர்ச்சியாகவோ விட்டு விட்டோ, அந்த நவசந்நியாசமே செல்லாது. 15 நாளைத் தாண்டினால் அந்த நாட்களை ஈடு செய்ய வேண்டும் (649). செத்தவீட்டுக்கு 5 நாள், முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் 4 நாள், டெங்குக் காய்ச்சலில் வைத்தியசாலையில் ஒரு கிழமை. எல்லாம் சேர்ந்து 16 ஆகிவிடும். நவசந்நியாச அதிபர் கொப்பியில் தேதி குறிக்காமல் ஞாபகத்தில் வைத்திருந்தால், வார்த்தைப்பாட்டு நாள் நெருங்கும்போது தலையைச் சொறிவார். அழைப்பிதழ் அடித்த பிறகு நாள் தள்ளினால் திருமலையிலிருந்து பஸ் பிடித்து வைத்த உறவுகளுக்கு யார் பதில் சொல்வது?

உவர்மலைக்காரி
விட்டிட்டு வந்தா?

சட்டப்புத்தகம்
நவசந்நியாசத்தில் எந்த நாளும் வெளியேறலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் தவணை முடிந்ததும் புதுப்பிக்காமல் போகலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு, கப்புச்சின் போன்ற உரோமைச் சார்புச் சபைகளில், உரோமையின் அனுமதி வேண்டும். வெளியேறுபவர் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் சபை அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று 702 சொல்கிறது. அந்த "நியாயம்" எவ்வளவு என்பதற்கு அட்டவணை இல்லை. 35 வயதில் சேமலாப நிதியும் இல்லாமல், சான்றிதழும் இல்லாமல் ஒருவர் வீதிக்கு வருவதைத் தடுப்பது, கொட்டியாரம் மேலே சொன்ன தொழில் பயிற்சிதான்.

நிலாவெளிப்பொடியன்
இன்னொண்டு. சபைச் சாமி மாறிப் போகேக்க சனம் ஆயருக்கு மகஜர் எழுதுது. வேலை செய்யுமா?

கொட்டியாரம்
செய்யாது. சபைக்காரர் பங்குத்தந்தையா இருந்தா, சபைத் தலைவர் முன்மொழிய ஆயர் நியமிக்கிறார். அவரைப் பதவியில இருந்து எடுக்கிறதை இரண்டு பேரில ஆரும் செய்யலாம், மற்றவருக்கு அறிவிச்சாப் போதும், சம்மதம் தேவையில்லை (682). 300 கையெழுத்தோட ஆயர் இல்லத்துக்குப் போனாலும் அவர் கையை விரிப்பார். கப்புச்சின்களுக்கு மாகாணப் பேரவை 3 வருசத்துக்கு ஒருக்கா கூடும், அதுக்குப் பிறகு மாற்றக் கடிதங்கள் வரிசையா வரும். அதைத் துண்டுப்பிரசுரத்தில போடத் தேவையில்லை, ஆனா பொடியனுக்குச் சொல்லி வைக்க வேணும். வீட்டுக்குப் பக்கத்தில இருப்பன் எண்டு நினைச்சுப் போறவன் முதல் மாற்றத்திலயே உடைஞ்சு போவான்.

பாலையூற்றான்
"முடியாதவர்கள்" வசனத்தை எடுத்திட்டன். "சகோதரராகவோ, சகோதரராகவும் குருவாகவுமோ" எண்டு மாத்தியிருக்கிறன். இயேசு சபைக்கும் அமலமரித் தியாகிகளுக்கும் தனிப்பெட்டி. கடைசியா பத்திரங்கள். எங்கட பக்கத்தில சண்டைக்கும் 2004 கடலுக்கும் தப்பாத பதிவேடுகள் இருக்கு. ஞானஸ்நானச் சான்றிதழ் எடுக்கேலாத பொடியன் என்ன செய்யிறது?

சட்டப்புத்தகம்
பதிவேடு இல்லையென்பதால் ஞானஸ்நானம் இல்லையென்று ஆகாது. யாருக்கும் பாதகமில்லாத இடத்தில் நம்பத்தகுந்த ஒரு சாட்சி போதும்; ஞானத்தாயோ தகப்பனோ, அன்று கோவிலில் நின்ற பெரியம்மாவோ. வளர்ந்த பிறகு பெற்றவர் என்றால் அவருடைய சொந்தச் சத்தியமே போதும் (876). பங்குத்தந்தை முன் எழுதிக் கையெழுத்திட்டு ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள். உறுதிபூசுதல் வேறு பங்கில் நடந்திருந்தால் அந்தப் பதிவேட்டையும் பாருங்கள், ஞானஸ்நான விபரம் அங்கே எழுதப்பட்டிருக்கக் கூடும்.

பதிவேடு இருந்தால் பழைய பிரதி செல்லாது. அண்மையில் எடுத்ததாக, ஓரக் குறிப்புகளோடு வேண்டும். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில்தான் எழுதப்படும். ஓரம் வெறுமையாக இருப்பதுதான் திருமணமாகாதவர் என்பதற்கு முதல் சாட்சி. வேறு குருமடத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர் என்றால் அங்கிருந்தும் கடிதம் வேண்டும், ஒளிப்பதில் பயனில்லை.

பாலையூற்றான்
பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில ஜோசப், பதிவேட்டில சூசை எண்டு இருந்தா?

சட்டப்புத்தகம்
திருமலையில் பாதிப்பேருக்கு அதுதான் நிலை. சந்தியாகுவும் ஜேம்சும் அப்படித்தான். பதிவேட்டில் பழைய எழுத்தை அழித்துத் திருத்தக் கூடாது. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, சான்றிதழோடு சேர்த்துப் பின் பண்ணி அனுப்புங்கள். அடையாள அட்டையில் எந்தப் பெயரோ, அந்தப் பெயரிலேயே நேர்முகக் கடிதமும் வரச் சொல்லுங்கள்.